முதல் கும்பிடு

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவுக்கு என்ன இணைப்பு வேண்டும், எந்த மேசையில் அது தூங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். என் சிறுநீரகம் மட்டும் விதிமுறைக்குக் கட்டுப்படவில்லை. இப்போது வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ்.

எங்கள் நோயாளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இணையத்தில் நடக்கும் மருத்துவ மோசடிகளைப் பற்றிய கட்டுரைகளை அதில் தினமும் அனுப்புவேன். யாரும் படிப்பதில்லை, கும்பிடு மட்டும் போடுவார்கள். முதல் கும்பிடு எப்போதும் ஒரே ஆளுடையது. 'அருமையான விழிப்புணர்வு ஐயா' என்றும் எழுதுவார். ஒரு வாசகராவது இருக்கிறாரே என்று, 'நன்றி, தங்கள் ஆதரவு தொடரட்டும்' என அவருக்குத் தனியாகப் பதில் போட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் செங்கம் பக்கத்து விவசாயி. என்னைப் பார்த்ததும், "இன்னா சார், இன்னிக்கு யாரு ஏமாந்தாங்க?" என்பார்.

ஒரு வாரம் அவர் கட்டில் காலியாகவே கிடந்தது. போன் செய்தேன். மனைவி எடுத்தார்.

"அவருக்கு இனிமே டயாலிசிஸ் வேணாம் சார். கிட்னிய திரும்ப வேலை செய்ய வைக்கிற மருந்து வந்துட்டுது. நெட்ல வாங்கினோம். அத சாப்பிடும்போது மெஷின்ல படுக்கக் கூடாதாம்."

"ஏம்மா, நான் அனுப்புறத நீங்க படிக்கறதே இல்லையா?"

"படிச்சிட்டுதான் சார் வாங்கினோம்! நீங்க அனுப்புனதையே மருந்து விக்கிறவரு எங்களுக்குத் தனியா அனுப்பினாரு. குரூப்ல மொதல்ல கும்பிடு போடுவாரே, அவருதான். போலிங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க, எங்களுதுதான் அசல்னு சொன்னாரு. நீங்க அவருக்கு நன்றி சொன்னதையும் காட்டினாரு."

நான் அறியாமலே ஒரு கொலைகாரனுக்கு நற்சான்றிதழ் வழங்கியிருக்கிறேன்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"மூஞ்சி வீங்கியிருக்கு. படுத்தா மூச்சு வாங்குது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

புகார் எங்கே கொடுப்பது, என்ன இணைப்பது, எல்லாம் தெரிந்தவன். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

"அந்த மருந்தத் தூக்கிப் போடும்மா! இப்பவே ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா!" என்று கத்தினேன். எழுத்தில் இல்லாமல் நான் பிறப்பித்த முதல் உத்தரவு அதுதான்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தால் ஆட்டோ ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. முகமூடியில் ஆக்சிஜன் வைத்தபடியே அவரை இயந்திரத்தில் போட்டார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் மருத்துவர்.

புகார் கொடுத்தோம். அந்த எண்ணைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த முறை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தோம். அவர் என்னைப் பார்த்தார். வழக்கமான கேள்வி வரவில்லை.

"இன்னிக்கு நான்தான் சார்," என்றார்.

கட்டுரை எதுவும் அனுப்பத் துணிவில்லை. 'யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் டயாலிசிஸை நிறுத்தாதீர்கள்' என்று ஒரு வரி மட்டும் குழுவில் போட்டேன். உடனே ஒரு கும்பிடு வந்து விழுந்தது. பழக்கமில்லாத எண்.

அவர் கழுத்தை நீட்டி என் போனைப் பார்த்தார்.

"யாரு சார் அது?"

எனக்குத் தெரியவில்லை.