பாவசங்கீர்த்தனத்தில் மூன்றாவது ஆள்

சாய்ந்தமருதில் நான் படிப்பித்த பாடசாலையின் ஓய்வறைக்குள், ஒரு புதன்கிழமை காலை விஞ்ஞான டீச்சர் நெற்றியில் கரியோடு வந்தார். பெருவிரலால் இழுத்துவிட்டதுபோல ஒரு சாம்பல் கோடு, அதற்குக் குறுக்கே இன்னொன்று. அவர் மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. உதவி செய்யும் ஆவலில் நான் சட்டைப் பைக்குள்ளிருந்த லேஞ்சியை எடுத்து நீட்டினேன்.

"டீச்சர், அடுப்புக் கரி பட்டிரிக்கி. துடைங்க."

அவர் லேஞ்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது துடைக்கிற கரியில்ல சேர். போன வருசக் குருத்தோலைய எரிச்ச சாம்பல். கடைசியில மண்ணாத்தான் போவாய் எண்டு ஞாபகப்படுத்த ஃபாதர் பூசினவர்."

"அத ஞாபகப்படுத்த எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையள் போதுமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். எங்கள் கேள்விக்காலம் அன்று தொடங்கியது.

எங்கள் முஸ்லிம் பாடசாலை முழுவதற்கும் அவர் ஒருவர்தான் கத்தோலிக்கர். ஆகவே ரோமாபுரியில் கேட்க வேண்டியதையெல்லாம் நாங்கள் அவரிடமே கேட்டோம். மாதாவைக் கும்பிடுவதேன்? "கும்பிடல்ல, எங்களுக்காகக் கேளுங்க எண்டு சொல்றம். நீங்க உம்மாக்கிட்ட துஆச் செய்யச் சொல்லுறயில்லயா, அப்பிடி." ஃபாதர்மார் ஏன் கலியாணம் முடிப்பதில்லை? தவக்கால வெள்ளியில் இறைச்சியை விட்டு மீன் தின்றால் அது என்ன நோன்பு? இந்தக் கடைசிக் கேள்வி என்னுடையது. பொரித்த அறுக்குளா மீனோடு கழிக்கிற நோன்பைக் கேள்விப்பட்டதும் எனக்கு வந்தது சந்தேகமல்ல, பொறாமை. புதிதாக யார் மாற்றலாகி வந்தாலும் அதே கேள்விகள் முதலிலிருந்து தொடங்கும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்குவார். அந்தத் துடைப்புத்தான் அவருடைய பெருமூச்சு என்பது எனக்கு மிகவும் பிந்தியே விளங்கியது.

எனக்குப் பிடித்த கேள்வி, ஃபாதரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம் பற்றியது. "நாங்க நேரா அல்லாஹ்க்கிட்ட தௌபாச் செய்றம். உங்களுக்கு நடுவுல ஏன் ஒராள்? ஃபாதர் வெளியில போய்க் கதைச்சா என்ன செய்வீங்க?"

"கழுத்த வெட்டினாலும் கதைக்க மாட்டார். கதைக்கவும் ஏலா."

"அப்ப நான் ஃபாதராக ஏலாது."

"ஓம் சேர், உங்கட வாய்க்கு ஏலாதுதான்."

ஒருநாள் இளம் டீச்சர் ஒருவர் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்: ஏன் நீங்கள் கலியாணம் முடிக்கவில்லை? விஞ்ஞான டீச்சர் கண்ணாடியைத் துடைக்காமலே பதில் சொன்னார். கன்னியாஸ்திரியாகப் போய் மடத்தில் இருந்தாராம். அம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் அப்பா வந்து வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். "அப்பாவுக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டிச்சு. பிழை செஞ்சிட்டன் எண்டு ஒருநாளும் வாயால சொன்னதில்ல. அத ஒருக்காச் சொன்னா எனக்குப் போதும்." அன்று நான்கூடப் பகிடி விடவில்லை.

அந்த அப்பாவை எனக்குத் தெரியும். பாண்டிருப்புப் பக்கமாக இருந்த அவர்களுடைய வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன். என் பொய்க்கதைகளை இரண்டாம் தடவை கேட்டும் சிரிக்கிற மனிதர், ஊருக்குள் அவர் ஒருவர்தான். மகளிடம் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது; சோறு, மருந்து, கதவு என்று ஒற்றைச் சொல்லில்தான் கதைப்பார்.

பாரிசவாதம் வந்து அவருக்கு வாயும் ஒரு பக்கமும் விழுந்தன. மாரி மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம் டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், அப்பாவுக்கு ஏலாமப் போகுது. ஃபாதரக் கூட்டி வர வாகனமொண்டும் வருகுதில்ல." ரோட்டெல்லாம் தண்ணீர். முச்சக்கரவண்டி வைத்திருந்த என் மச்சானைத் திட்டித் திட்டியே வண்டியை ஓட வைத்து, ஃபாதரை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நான் கட்டிலருகே போய்க் குனிந்ததும் கிழவர் நல்ல கையால் என் விரல்களைப் பிடித்தார். பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும், எல்லோரும் வெளியே போங்கள் என்றார் ஃபாதர். டீச்சர் போனார். நானும் போகப் பார்த்தேன். பிடி விடவில்லை. ஃபாதரும் விரல்களைக் கழற்றிப் பார்த்துக் களைத்துப் போனார்.

"சரி, நில்லுங்க. நான் கேக்கிறதுக்கு ஓம் எண்டா கைய அமத்தட்டும். அமத்தினா நீங்க தலைய ஆட்டுங்க. ஆனா இஞ்ச நடக்கிறது உங்களோடயே மௌத்தாகோணும். விளங்கிச்சா?"

விளங்கியது. இத்தனை வருடமாக அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுத் திரிந்தவனை அல்லாஹ் உள்ளேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். ஃபாதர் மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார். மகளைப் பற்றியும் கேட்டார். நான் சில இடங்களில் தலையாட்டினேன். சில இடங்களில் ஆட்டவில்லை. பிறகு அவருடைய நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். அடுத்த நாள் கிழவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மாலையில் டீச்சர் என்னை வேலியோரமாகக் கூப்பிட்டார்.

"அப்பா என்னப் பத்திச் சொன்னாரா?"

"டீச்சர், ஃபாதர் என்னை…"

"நீங்க ஃபாதர் இல்லயே சேர்."

உண்மைதான். நான் ஃபாதருமில்லை, கத்தோலிக்கனுமில்லை. ஒரு சொல் சொன்னால் அந்த மனுசி நிம்மதியாக நித்திரை கொள்ளலாம், அல்லது அதோடு நித்திரையே இல்லாமல் போகலாம். அப்பா ஓம் என்றிருந்தால் இவர் சொல்லியிருப்பாரே, சொல்லாததால் இல்லைதான் என்று அவர் கணக்குப் போடுவார் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாய் ஓயாதவன் என்று பேரெடுத்தவனுக்கு இப்படியொரு களைப்பு இருக்கும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு நாங்கள் கதைத்ததெல்லாம் பாடவேளை, பரீட்சை, மழை. அவர் என் முகத்தைப் பார்க்காமலே கதைத்தார்.

இப்போது நான் ஓய்வூதியக்காரன். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு டீச்சர், வருடக்கணக்கான இடைவெளிக்குப் பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது. மனைவி தேத்தண்ணியைத் தந்துவிட்டு அடுக்களைக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"சேர், இனி நான் அதக் கேக்க மாட்டன். அண்டைக்கு நீங்க சொல்லியிருந்தா, இத உங்களிட்டச் சொல்ல எனக்கு ஏலாமப் போயிருக்கும்."

சொன்னார். அப்பாவைப் பற்றியும் தன்னைப் பற்றியும், எந்த ஃபாதரிடமும் போய்ச் சொல்லக் காலெழவில்லை என்ற ஒன்றை. சொல்லி முடித்தபின் அவர் ஆறிப்போன தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு எழும்பினார்.

அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினால் மனைவி வாசலில் நிற்கிறாள். "அவ்வளவு நேரமா என்ன ரகசியம்? என்ன சொன்னாவு டீச்சர்?"

"நம்மட தேத்தண்ணிக்குச் சீனி கூடவாம்."

அன்றிலிருந்து டீச்சர் வந்தால் மனைவி கோபத்தோடு சீனி போடாமலே ஊற்றிக் கொடுக்கிறாள். டீச்சர் என்னை ஒருதரம் பார்க்கிறார், ஒன்றும் கேட்காமல் குடிக்கிறார்.