வுயிசேகா பை பார்க்கிறாள்

"அம்மா, கோவிச்சுக்காதீங்க, பையைக் கொஞ்சம் திறங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வுயிசேகா பைக்குள் கையை விடுவாள். விட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்தவர் பைக்குள் பார்ப்பது அவளுக்கே கூச்சம். ஆனாலும் விரல் பட்டதுமே எது நம் தெருக் கடைச் சோப்பு, எது டவுன் வெள்ளைக்காரன் கடைச் சோப்பு என்று கண்டுபிடித்துவிடுவாள்.

இந்த எண்பத்தைந்தாம் வருடக் குளிர்காலம் முழுக்க, தென்னாப்பிரிக்காவின் இந்தப் போர்ட் எலிசபெத் டவுனில் வேலை முடித்துப் பேருந்தில் வருகிறவர்கள் அவளையும் அவள் கூட்டாளிகளையும் தாண்டித்தான் வீடு போக வேண்டும். வெள்ளை அரசாங்கத்தின் பட்டாளம் எங்கள் கறுப்பர் தெருக்களைவிட்டுப் போகும்வரை, பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளை விடும்வரை, வெள்ளையர் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கக் கூடாது. கூட்டம் போட்டு நாங்களும் கை தூக்கிய கட்டுப்பாடுதான். அப்போது யாருக்கும் பசிக்கவில்லை.

பயம் வந்தால் வுயிசேகாவுக்குக் கொட்டாவி வரும். திருப்பத்தில் ராணுவ வண்டி தெரிந்தால் போதும், கொட்டாவி மேல் கொட்டாவி.

"தூக்கமாடி?" என்பான் கூட நிற்கும் ஸோலானி.

"உன் மூஞ்சிய நாள்பூரா பாத்தா வேற என்னடா வரும்?"

எனக்குப் பயமே இந்த ஸோலானியை நினைத்துத்தான். போன வாரம் ஒரு கிழவரை, வாங்கிவந்த சோப்புத்தூளைத் தின்னச் சொன்னான். வுயிசேகா தட்டிவிட்டாள். "கொட்டுவோம். திங்க வைக்கிறதெல்லாம் போலீஸ்காரன் வேலை." அன்றிலிருந்து அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறான்.

நேற்று அவள் அம்மா நொகாயா எனக்கு முன்னால் பேருந்தில் இருந்து இறங்கினாள். வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை. பையைத் துணியால் மூடி இடுப்போடு அணைத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. காலையில்தான் பக்கத்து வீட்டு வாசலில் நின்று என்னிடம் புலம்பியிருந்தாள்: "நம்ம கடைக்காரன் எண்ணெய யானை விலை விக்கிறான் அக்கா. சின்னதுகளுக்கு எதுல பொரிச்சுப் போடுவேன்?"

ஸோலானி விலகி நின்றான். "உங்கம்மா பைதானே. நீயே பாரு."

வரிசை மொத்தமும் அவளைப் பார்த்தது. அம்மாவை விட்டுவிட்டால் நாளை அவள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். பை பார்க்கும் வேலை ஸோலானி கைக்குப் போய்விடும். அவன் கொட்டுவதோடு நிறுத்துகிற ஆள் இல்லை.

"அம்மா, பை."

"வழிய விடுடி. எதுவானாலும் வீட்டுல பேசிக்கலாம்."

"இங்கதாம்மா பேசணும்."

நொகாயா பையை நீட்டவில்லை. பிடித்திருந்த கையை மட்டும் தளர்த்தினாள். வுயிசேகா எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ரோட்டோரம் கவிழ்த்தாள். நாலா பக்கமும் தெறித்தது. இந்தப் பெண்ணுக்கு இது வேண்டாமே என்று நினைத்தேன். ஸோலானி, "சரி, அடுத்த ஆள்" என்றான்.

வுயிசேகா நகரவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். வரிசை காத்து நிற்க, நடுரோட்டில் மண்டியிட்டு, அம்மாவின் காலணியில் தெறித்திருந்த எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தாள்.