லூர்து என்று கூப்பிட்டேன்

ஜெபிக்க வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விசுவாசத்தோடு ஜெபித்துப் பிழைத்தவன் இல்லை. ஜெபமே வராமல் இருந்தபோது பிழைத்தவன்.

எழுபதுகளின் ஆரம்பம். ராயபுரத்தில் குடியிருந்தோம். எனக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. எங்கள் மகள் நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கம் செய்த அன்றுகூட நான் அழவில்லை. அதன்பிறகு பூசைக்குப் போவேன், முழங்கால் போடுவேன், நாக்கில் நன்மை அப்பம் வாங்குவேன். உள்ளே ஒன்றும் இருக்காது. மனசு மரத்துப் போயிருந்தது. என் மனைவி ஸ்டெல்லா பேசிப் பேசிப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

வேலை இடத்தில் நடைக் கிளப் ஒன்று இருந்தது. தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் திருவொற்றியூரிலிருந்து கடலோரமாகவே எண்ணூர் முகத்துவாரம் வரை நடப்பதாக ஏற்பாடு. வீட்டில் இருந்தால் தொட்டில் கட்டிய கொக்கி கண்ணில் படும். நானும் கிளம்பினேன்.

அந்தக் கிளப்பில் ஒரு பழக்கம். நடக்க முடியாதவன் சொல்லாமல் கொள்ளாமல் ரோட்டுக்கு ஏறி பஸ் பிடித்துவிடலாம். யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் அவனுக்கு மானம் போகும். அதனால் பின்தங்கியவனை யாரும் தேட மாட்டார்கள்.

ஓர் இடத்தில் மழைத்தண்ணீர் கரையை அறுத்து ஆளுயரப் பள்ளமாக்கியிருந்தது. இரண்டு பக்கமும் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், நடுவில் கடலைப் பார்த்துத் திறந்த குறுகலான சந்து. எல்லோரும் இறங்கி ஏறிப் போய்விட்டார்கள். கடைசியாக இறங்கிய என் காலடியில் ஒரு கல் உருண்டது. இடது கால் இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. முன்னால் போனவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

கத்தியிருக்கலாம். கத்தத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. மதியத்துக்கு மேல் காற்று வலுத்து, அலை சந்துக்குள் ஏற ஆரம்பித்தது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. காலும் மரத்துவிட்டது. போனால் போகட்டும், பிள்ளை போன இடத்துக்குத்தானே என்று நினைத்தேன். பயம்கூட வரவில்லை.

ஒரு அலை முகத்தில் அடித்து மூச்சு முட்டியது. வாய் தானாக "லூர்து மாதாவே" என்றது. கல் தடுக்கினாலும் எங்கள் வீட்டில் வாயில் வரும் வார்த்தை. பக்தி இல்லை, வெறும் பழக்கம். ஒவ்வொரு அலைக்கும் அதையே சொன்னேன். மாதாவே என்பதற்குள் வாயில் தண்ணீர் புகுந்துவிடும். வெளியே "லூர்து, லூர்து" என்றுதான் கேட்டிருக்கும்.

மேலே கல்லின்மீது ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் சிப்பி பொறுக்கிய கூடை, முகத்தில் கோபம்.

"இன்னாய்யா, என் பேரச் சொல்லி கூவிக்கினு கீற? யாரு நீ?"

பக்கத்து மீனவர் ஊரான நெட்டுக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காசிமேட்டுப் பெண். அவள் பேர் லூர்து. உங்களை இல்லை, மாதாவைக் கூப்பிட்டேன் என்றேன். அவள் என் காலையும் தண்ணீரையும் பார்த்தாள்.

"மாதாவ கூப்ட்ட, நான் வந்துகீறேன். கம்முனு இரு, ஆள இட்டாறேன்."

கட்டுமரக்காரர்கள் இரண்டு பேரோடு வந்தாள். துடுப்புக் கட்டைகளை விட்டு நெம்பிக் கல்லை நகர்த்தினார்கள். தோல் உரிந்த காலோடு என்னை ரிக்ஷாவில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டில் ஸ்டெல்லா வெந்நீரில் உப்புப் போட்டு என் காலை வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி வந்தது. அப்படி ஒரு வலி. அழுதேன். அழுகையில் ஜெயராணி, ஜெயராணி என்று மகள் பேரைச் சொன்னேன். அவள் போனபிறகு அந்தப் பேர் என் வாயில் வந்தது அன்றைக்குத்தான். ஸ்டெல்லா என் காலைப் பிடித்தபடியே அழுதாள். அன்றிலிருந்து நாங்கள் மறுபடி ஒன்றாக ஜெபமாலை சொல்கிறோம்.

அதன்பிறகு கிளப்பில் பின்தங்கியவனைத் தேடிப்போய்க் கேட்க ஆரம்பித்தோம். மானம் போனால் போகட்டும்.

உங்களில் யாராவது ஒன்றும் தோன்றாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம். விசுவாசம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேரை மட்டும் சொல்லுங்கள். எனக்குப் பாதிப் பேர்தான் வந்தது. அதற்கே ஆள் வந்தது.