வாத்தியாரின் பேனா

சொல்ல வெட்கம்தான். நாற்பது வயதுவரை நான் கைநாட்டு. அதற்குப் பிறகு எழுதப் பழக்கியவர் எங்கள் தமிழ்ப் பள்ளி வாத்தியார்.

இன்று மகளைச் சேர்க்கும் படிவத்தோடு ஆங்கிலப் பள்ளிக்குப் போனேன். வாசலில் ஆசிரியர் சங்கத்தின் துண்டுத்தாள்களோடு அவர் நின்றார்.

“வாத்தியாரே, நீங்களும் இங்கிலீஷ் படிக்க வந்துட்டீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “இன்னும் ஒரு பிள்ளை சேரலைன்னா நம்ம தமிழ்ப் பள்ளியில ஒண்ணாம் வகுப்ப மூடிருவாங்க, முத்தையா. சங்கம் உங்கிட்ட பேசச் சொல்லுது. ஆனா உன் பிள்ளை, உன் முடிவு.”

“கப்பல் பட்டறையில துரு சுரண்டுறது என்னோட போகட்டும் லா, வாத்தியாரே.”

கையெழுத்துப் போடப் பேனா தேடினேன். அவரே மூடியைக் கழற்றித் தன் பேனாவை நீட்டினார். அவர் கற்றுத்தந்த எழுத்திலேயே போட்டேன். முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

பேனா இப்போது என் சட்டைப் பையில். மூடி அவரிடம். திருப்பிக் கொடுக்க யாராவது துணைக்கு வருகிறீர்களா?

வெள்ளைச் சட்டை நீலமாகிவிட்டது.