கல்படுக்கையில் படுத்திருந்தவன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். 2006 மாசியில் ராஜபாண்டிக்கு நடந்தது இது. அவனுக்குக் கதை கட்டத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். ஆறு மாதக் கர்ப்பிணியான அவன் அக்கா பாண்டியம்மாளை, அவள் புருஷன் தவசி குடித்துவிட்டு வயிற்றில் உதைத்தான். பிள்ளை போய்விட்டது. அந்தப் பாவி காங்கேயம் பக்கத்துக் குன்றின் உச்சியில், பழைய சமணக் குகைக்கோயிலில் ஒளிந்திருப்பதாகத் தகவல் வந்தது. துணி வெட்டும் கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

மாலை ஐந்தே முக்கால். அடிவாரத்தில் இளநீர் விற்கும் மயிலாள் தடுத்தாள்.

"இந்நேரத்துக்கு மேல எதுக்குங் தம்பி?"

"எவனாச்சும் ஏறுனானா?"

"மத்தியானம் ஒருத்தரு போனாருங்க. இன்னும் எறங்கலீங்க."

"இனி எறங்க மாட்டான்."

பாதிப் படியில் அந்தச் சத்தம் கேட்டது.

சர்... சர்...

யாரோ படி கூட்டுகிறார்கள். கோயில் ஆள் என்று நினைத்தான். ஆனால் அவன் நடந்தால் கேட்டது, நின்றால் நின்றது. படியில் ஒரு சருகு இல்லை. எறும்புகளெல்லாம் இரண்டு ஓரத்திலும் ஒதுங்கிக் கிடந்தன.

"எவன்டா அது? வழி விடுடா!"

சர்...

கண்ணெதிரே, அடுத்த படியில், தூசி தானாக விலகியது.

கத்திரியை உருவிக்கொண்டான். கோபம் விடவில்லை. ஏறினான்.

உச்சிக் குகை. அந்தக் காலத் துறவிகள் படுத்த கல்படுக்கை.

தொட்டான். ஆள் படுத்திருந்த சூடு.

ஆள் இல்லை.

சர்... சத்தம் குகையை விட்டுப் போனது. பாறை விளிம்பில் நின்றது.

விழுந்தடித்துக் கீழே ஓடி வந்தான். கூட்டும் சத்தத்தை மயிலாளிடம் சொன்னான்.

"கூட்டறதுக்கு மேல ஆருமில்லீங்களே" என்றாள் மயிலாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அந்தக் காலத்துச் சாமியாருங்க மயில்பீலியில கூட்டிட்டுத்தான் காலு வெப்பாங்களாமா. காலடியில ஒரு உசுரு சாவக்கூடாதுன்னு."

"எங்கக்கா வயித்துல இருந்தது உசுரு இல்லியா? அன்னைக்கு எங்க போச்சு அது?"

மயிலாள் குன்றைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை, படியே இல்லாத செங்குத்துப் பக்கத்து அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் தவசியைக் கண்டார்கள். உயிர் இருந்தது. ஒரு எலும்புகூட முறியவில்லை. கல்லில் படுத்துத் தூங்கியதுதான் அவனுக்கு நினைவு.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிய நர்ஸ் அலறிவிட்டாள். கழுத்திலிருந்து குதிகால் வரை மெல்லிய கீறல்கள். நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒரே பக்கமாக, கூட்டிய மண்தரையில் விழும் கோடுகள் போல.