அண்ணன் வண்டியின் ஆயில் சீல்

எங்கள் தெருவில் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் மனதார வாழ்த்துகிற ஒரே மனிதர் வீடியோக்காரர்தான். கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். நூலகத்தில் கிளார்க். வீட்டில் எது பழுதானாலும் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டுத் தானே களத்தில் இறங்குவார். மறுநாள் பிளம்பர் வருவார். சொட்டுகிற குழாயோடு முடிந்திருக்க வேண்டிய வேலையில் அதற்குள் பாதிச் சுவரும் சேர்ந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் இரண்டு வருடமாக ஸ்பேனரைத் தொடவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டால்கூட ஆளைக் கூப்பிடச் சொன்னார். பிளம்பருக்கே மனசு கேட்காமல், "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர் மனைவியிடம் விசாரித்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மாடிப்படிக்குக் கீழே நிற்கிற அண்ணனின் பைக்தான் காரணம்.

அதே வீட்டு மாடியில் குடியிருந்த அண்ணன் லேத் பட்டறைக்காரர். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைகிற கை. அவருடைய பைக்கில் செயின் பக்கம் எண்ணெய் கசிந்தபோது தம்பி குறுக்கே புகுந்தார். "நீ உக்காருண்ணே, இதெல்லாம் ஒரு வேலையா?" அண்ணனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

ஆயில் சீல் என்பது ஒரு ரப்பர் வளையம். எஞ்சினிலிருந்து செயினுக்கு வரும் தண்டைச் சுற்றி உட்கார்ந்து எண்ணெயை உள்ளேயே அடக்கி வைக்கும். அதற்கு உள்பக்கம் வேறு, வெளிப்பக்கம் வேறு. திருப்பிப் போட்டால் எண்ணெய் தன்பாட்டுக்கு வெளியே வரும். இந்த விஷயம் வீடியோக்காரருக்கு, சீலை மாட்டி முடித்த மறுநாள், இன்னொரு வீடியோவில்தான் தெரிந்தது. எந்தப் பக்கமாகப் போட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்று காலை வண்டிக்கடியில் இரண்டு சொட்டு எண்ணெய் கிடந்தது. பழைய எண்ணெயாக இருக்கும் என்று செருப்பால் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனார். வேறென்ன செய்வது? 'லேத்துக்காரருக்கே நான்தான் சீல் மாத்திக் கொடுத்தேன்' என்று அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழையில், ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி அண்ணன் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. சாலை ஈரம் என்று எழுதிப் போலீஸார் கோப்பை மூடினார்கள். வீடியோக்காரரால் மூட முடியவில்லை. செயின் பக்கம் கசிகிற எண்ணெய் வேறெங்கே போகும்? நேராகப் பின்சக்கரத்துக்குத்தான்.

வண்டி வீட்டுக்கு வந்தது. வளைந்த ஹேண்டிலை நிமிர்த்திய மெக்கானிக் செயின் மூடியில் கை வைத்ததும், "அதைத் தொடாதே!" என்று இவர் போட்ட சத்தத்தில் அவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான். சில மாதங்களில், ஓட்ட ஆளில்லாத வண்டி சொட்ட ஆரம்பித்தது. தினமும் காலையில் இவர் ஒரு பழைய செய்தித்தாளை விரிப்பார். சாயங்காலம் அதில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். எஞ்சின் இறுகிவிடக் கூடாதென்று ஞாயிறுதோறும் குறைந்த எண்ணெயை ஊற்றி ஸ்டார்ட் பண்ணுவார். ஆக, தன்னைப் பிடித்த பேய்க்கு வாராவாரம் தானே சோறு போட்டார். எஞ்சின் சத்தம் கேட்டவுடன் மாடியில் ஒரு நாற்காலி நகரும். ஜன்னலில் அண்ணி வந்து நிற்பார். எஞ்சின் அணைந்ததும் ஜன்னல் காலியாகிவிடும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதென்ன, இரண்டு வருடமாக அண்ணியின் முகத்தை இவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணியே இறங்கி வந்தார். ஆஸ்பத்திரி லேபில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போகிறவர்.

"தம்பி, நான் பைக் ஓட்டக் கத்துக்கிட்டேன். திங்கக்கிழமையிலேருந்து இதுலதான் போகப்போறேன். சொட்டறதை மட்டும் நிறுத்திக் குடுங்க."

"அண்ணி, இது வேணாம். வேற வண்டி..."

"நீங்க பண்ணலேன்னா பரவாயில்லை. நாளைக்கு அவரு வந்து பிரிச்சுப் பாத்துடுவாரு."

இவர் முகம் வெளிறிவிட்டது. "எவரு?"

"மெக்கானிக்குதான். வேற எவரு?"

மெக்கானிக் பிரித்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அண்ணி பக்கத்திலேயே நிற்பார். அதைவிடத் தானே பார்த்துவிடுவது மேல். ஞாயிறு காலையில் இவர் படிக்குக் கீழே உட்கார்ந்தார். மனைவி டார்ச் பிடித்தார்.

மூடி கழன்றது, செயின் கழன்றது, பல்சக்கரம் கழன்றது. பின்னால் மண்ணும் எண்ணெயும் அப்பிய கறுப்புச் சேற்றுக்குள் சீல் புதைந்திருந்தது. ஒரு துணியால் துடைத்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். துடைக்கவில்லை. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினார். அசையவில்லை. வளைந்த கம்பியால் இழுத்தார், கம்பிதான் நிமிர்ந்தது.

"இந்த அழுத்தம் உங்க பரம்பரைக்கே உண்டு போல" என்றார் மனைவி.

"டார்ச்சை ஆட்டாதே."

"நான் ஆட்டலீங்க. உங்க கைதான் ஆடுது."

கடைசியில் சீலில் சின்னதாக ஒரு துளை போட்டு, திருகாணியைப் பாதி முறுக்கி, தலையைக் குறடால் கவ்விக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் 'டப்' என்று சீலும் அவரும் சேர்ந்து பின்னால் போய் விழுந்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது உள்ளங்கையில் கிடந்தது பழுப்பு நிற சீல்.

அவர் வாங்கி மாட்டியது கறுப்பு.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியான பக்கமாகத்தான் போட்டிருந்தது. வண்டி சும்மா நின்றதில் ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. விளிம்பைச் சுற்றிச் சிவப்புப் பசை. காலண்டர் ஆணிக்குக்கூடப் பசை வைக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். சீல் உட்காரும் குழியில், இரண்டு வருடத்துக்கு முன் தன் ஸ்குரூ டிரைவர் போட்ட கீறல்களைத் தேடினார். அத்தனையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று ஆக்கப்பட்டிருந்தன.

"நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களே, அன்னைக்கு மாத்தினாரு" என்று படியிலிருந்து குரல் வந்தது. அண்ணி பாதிப் படியில் நின்றிருந்தார். "தலைகீழாப் போட்டுட்டான்னு சொல்லிச் சிரிச்சாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு. பாவம், தெரு பூரா பெருமை அடிச்சுக்கிட்டு இருக்கான்னாரு."

"அது எப்போ அண்ணி? விழறதுக்கு முன்னாடியா?"

"ரெண்டு வாரம் முன்னாடி."

வீடியோக்காரர் தரையிலேயே உட்கார்ந்து தேம்பினார். தேம்பலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னார்: இரண்டு சொட்டு, செருப்பு, பின்சக்கரம். மனைவி டார்ச்சை அணைக்க மறந்து நின்றார்.

அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்காகவா என் மூஞ்சியைப் பாக்காம இருந்தீங்க? உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு இல்ல நான் நினைச்சேன்."

"என்ன விஷயம்?"

"விழுந்த அன்னைக்கு, மழை விடட்டும், போறேன்னாரு. நான்தான், 'நீங்க என்ன வெல்லமா, கரைஞ்சு போறதுக்கு?'ன்னு கேட்டேன்."

வீடியோக்காரர், "ரோடு ஈரம் அண்ணி. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். இரண்டு வருடமாக ஊரே அவருக்குச் சொன்ன ஆறுதல் அது. அவர் காதில் ஏறியதில்லை. அண்ணியின் காதிலும் ஏறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீடியோக்காரருடைய பேயைக் குறடு போட்டு இழுக்க முடிந்தது. இதை எங்கே பிடித்து இழுப்பது?

வாங்கி வைத்திருந்த புது சீலை வீடியோக்காரர் கையில் எடுத்தார். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கை தடுமாறியது.

"எழுத்து இருக்கிற பக்கம் வெளியே தெரியணும்" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவரு போடறப்ப பாத்தேன்."

கொஞ்சம் எண்ணெய் தடவி, நாலு பக்கமும் சமமாகத் தட்டி இறக்கினார்கள். திங்கட்கிழமை அண்ணி வண்டியை எடுத்தார். ஒரு சொட்டு இல்லை.

மழைக்காலம் வந்துவிட்டது. மழை பிடித்த காலைகளில் அண்ணி ரெயின்கோட் மாட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நிற்கிறார். கிளம்புங்கள் என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. வீடியோக்காரரும் மனைவியும் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள். மழை விடும்வரை மூன்று பேரும் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் தாமதம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், வண்டி ரிப்பேர் என்கிறாராம்.