பழுப்பு ஒயரை வெட்டியது யார்

லுவெல்லா முப்பது வருடம் டெலிபோன் கம்பங்களில் ஏறி வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டிகளில் வாழ்பவர்கள் தங்கும் எங்கள் அரிசோனா முகாமில், அந்த வண்டிகளின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கார்களுக்கு விளக்கு இணைப்பு கொடுத்துவந்தாள். முன்வண்டியில் பிரேக் மிதித்தால் பின்னால் வரும் காரிலும் சிவப்பு எரிய வேண்டும். மிதிப்பது பெரும்பாலும் நான்தான், பக்கத்து இடத்துக்காரன். "எரியுது" என்று யார் சொன்னாலும் நம்பமாட்டாள். தானே போய்க் குனிந்து பார்ப்பாள்.

பிப்ரவரியில், முகாமில் மனைவியோடு தங்கியிருந்த ஹார்லன் மூன்றாம் முறையாக அவளிடம் வந்தான். கிளம்பலாம் என்று பார்த்தால் காரின் பின்விளக்கு எரியவில்லையாம்.

"மறுபடியும் எலிதான். இந்தப் பாலைவன எலிங்க சும்மா இருக்காது."

லுவெல்லா காருக்கு அடியில் படுத்தாள். "எலி கடிச்சா பிசிறு இருக்கும், ஹார்லன். உங்க எலி கட்டிங் பிளையர் வச்சிருக்கு."

அவன் முகம் கறுத்தது. "அப்ப ஒயர் அறுந்தா யாருக்கு வேலை கிடைக்குது? எனக்கா?"

அன்று மாலை லுவெல்லா என்னிடம், "என்னையே சந்தேகப்படுறான் பாரு. அவனே வெட்டிட்டு நாடகம் போடுறானோ?" என்றாள்.

இந்த முறை அடிப்பகுதி ஒயர் முழுவதையும் இரும்புக் குழாய்க்குள் விட்டு இறுக்கினாள். ஹார்லன் வியாழக்கிழமை புறப்படுவதாகச் சொன்னான். புதன்கிழமை முழுக்க அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மீன் தூண்டிலைத் துடைத்தான், தூங்கினான். வியாழன் காலை விளக்கு எரியவில்லை.

குழாய் அப்படியே இருந்தது. டிக்கிக்குள் விரிப்புக்கு அடியில், பின்விளக்குக்குப் போகும் பழுப்பு ஒயர் வெட்டப்பட்டிருந்தது. டிக்கி பூட்டியிருந்தது. சாவி இரண்டே பேரிடம்தான்.

ஹார்லன் துணி துவைக்கப் போனதும் லுவெல்லா அவன் மனைவி டோரீனிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"எதுக்கு வெட்டுனீங்க?"

டோரீன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "வீட்டை வித்து அஞ்சு வருஷமாச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊரு. இங்கதான் முதல் தடவையா என் பேரைச் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருக்காங்க."

"அவர்கிட்ட சொல்லலாமே."

"சொன்னேன். அடுத்த ஊரு இதைவிட நல்லாருக்கும்னாரு."

லுவெல்லா இடுப்புப் பையிலிருந்து ஒயர் சுற்றும் டேப்பை எடுத்தாள். பிறகு, "நான் ஒயரைச் சேர்த்துடறேன். மத்தியானத்துக்குள்ள நீங்க அவர்கிட்ட சொல்லிடணும். இல்லேன்னா நான் சொல்லுவேன். என் வேலைமேல பழி விழுது" என்றாள்.

டோரீன் சொன்னாள். அவர்கள் வண்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தை முகாமே கேட்டது. சனிக்கிழமை ஹார்லன் வந்து லுவெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் கண்ணைப் பார்க்காமல்தான். மறுநாள் இழுவைக் கம்பியைக் கழற்றிவிட்டு, காரையும் மனைவியையும் விட்டுவிட்டு, வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு வடக்கே போனான்.

ஏப்ரலில் திரும்பிவருவதாகச் சொல்லியிருக்கிறான் என்கிறாள், இப்போது முகாமின் வாடகை அறையில் தங்கியிருக்கும் டோரீன். லுவெல்லா அதை நம்பவில்லை.